அருவிக்கு வந்த கணக்கு டிபார்ட்மெண்ட்

எஸ்.எஸ்.எல்.சி. முடிந்தபோது தென்காசியில் எங்கள் தெருவுக்கே நான் கணக்குப் புலி. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். அப்பாவின் பாத்திரக்கடைக்குச் செம்பு வாங்க வருகிறவர்கள்கூட, "இந்தப் பிள்ளைதானா?" என்று என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா அதை ரசிக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்.

அந்த மார்க் எப்படி வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கணக்கை மனப்பாடம் செய்தேன். தேற்றம் என்றால் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை. இருபடிச் சமன்பாடு என்றால் புத்தகத்தில் உள்ள அத்தனை கணக்குகளும், கேள்வி எண்ணோடு. காலையில் குளித்துவிட்டு, முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே, "ஏபிசி என்ற முக்கோணத்தில் ஏபி சமம் ஏசி" என்று ஆரம்பித்தால் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பேன். அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னைக்கு எந்த சுலோகம்ட்டி?" என்று கேட்பாள். கிண்டல் இல்லை. அவள் காதுக்கு அது சுலோகமாகத்தான் கேட்டது. இப்போது நினைத்தால், சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. குற்றாலத்தில் பெண்களுக்கென்று கல்லூரி வந்து அதிக காலம் ஆகவில்லை. அதுவரைக்கும் மேலே படிக்க வேண்டுமானால் பாளையங்கோட்டைக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். என்னை அப்படி அனுப்பியிருக்க மாட்டார்கள். பஸ் ஏறினால் சற்று நேரத்தில் போய்விடலாம் என்றதும் அப்பா சம்மதித்தார். பி.யு.சி.யில் கணிதம், பௌதிகம், ரசாயனம் அடங்கிய குரூப்பில் சேர்ந்தேன். கல்லூரி திறந்தபோது சாரல் சீசன். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் தூவானம் உள்ளே வந்து நோட்டை நனைக்கும். மூடினால் கரும்பலகை தெரியாது. திறப்பதா மூடுவதா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கணக்கு லெக்சரர் முதல் நாள் உள்ளே வந்தார்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர். எங்களைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். ஒல்லி. குரல் மட்டும் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். நாங்கள் எல்லோரும் தமிழில் படித்து வந்தவர்கள். அவர் "லெட் எக்ஸ் பீ" என்று ஆரம்பித்தார். அறுபது கண்கள் கரும்பலகையைப் பார்த்தன. ஒன்றுக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்போது இரண்டாவது பெஞ்சில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"மிஸ், லெட்டுன்னா என்ன?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். லெக்சரர் சிரிக்கவில்லை. "வச்சுக்கிடுவோம்னு அர்த்தம். எக்ஸ் அப்படின்னு ஒண்ணு வச்சுக்கிடுவோம்" என்றார். அவள், "சரி மிஸ்" என்று உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி எழுந்தாள். "மிஸ், எதுக்கு வச்சுக்கிடணும்?"

அவள் வாசுதேவநல்லூர்க்காரி. வயல், கிணறு, மாடு என்று இருந்த குடும்பம். இரண்டு அண்ணன்மார்கள் பட்டாளத்தில். அவர்கள்தான் கடிதம் எழுதி எழுதி வீட்டைச் சம்மதிக்க வைத்து அவளை ஹாஸ்டலில் சேர்த்திருந்தார்கள். அவளுக்கு என் பக்கத்தில் இடம் கிடைத்தது. எங்கள் பெஞ்சின் மறுகோடியில் பாவூர்சத்திரத்துக்காரி. அவள் அப்பாவுக்குக் காய்கறி கமிஷன் மண்டி. கிறிஸ்தவக் குடும்பம். தினமும் பஸ்ஸில் தென்காசி வந்து, அங்கே என்னோடு சேர்ந்து குற்றாலம் பஸ் ஏறுவாள். அந்தக் காலத்தில் நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அவள் வாசு, இவள் பாவூர், நான் தென்காசி. ஹாஸ்டலில் தண்ணீர் எடுக்கிற ஆயாகூட, "தென்காசி வரலியா இன்னைக்கு?" என்றுதான் கேட்பாள்.

வாசு எழுந்து எழுந்து கேட்பதைப் பார்த்தால் எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, ஒவ்வொண்ணுக்கும் எந்திச்சு நிக்கியே, எல்லாரும் சிரிக்காவ. ஒனக்கு ஒரு மாதிரியா இல்ல?"

"சிரிக்காவதான். அவுகளுக்கு விளங்கிட்டுன்னா சிரிக்கட்டும்." ஹாஸ்டலில் கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்தாள். "ஒனக்கு விளங்கிட்டா?"

நான் தயிர்சாதத்தைப் பிசைந்தேன். "ம்" என்றேன்.

எனக்கும் விளங்கியிருக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. விளங்க வேண்டிய அவசியம் என்ன? லெக்சரர் போடுகிற கணக்குகளை அப்படியே எழுதிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து முற்றத்தில் நடப்பேன். இப்போது சுலோகம் இங்கிலீஷில். "ப்ரொட்யூஸ் ஏபி டு சி" என்று சத்தமாகச் சொல்வேன். ப்ரொட்யூஸ் என்றால் உற்பத்தி செய்வது என்றுதான் எனக்குத் தெரியும். கோட்டை எப்படி உற்பத்தி செய்வது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது நீட்டுவது என்று வாசு கேட்டுத்தான் எங்கள் எல்லோருக்கும் தெரியவந்தது.

பாவூரின் வழி வேறு. அவள் மண்டியில் வளர்ந்தவள். எடைக்கல்லும் மூட்டையும் சத்தமுமாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு, பதிமூன்றாம் வாய்ப்பாடு எல்லாம் காற்றில் போடுவாள். லெக்சரர் கேள்வியை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவாள். நோட்டில் விடை மட்டும் இருக்கும். "நடுவுல எங்க?" என்று லெக்சரர் கேட்டால், "விட சரியாத்தான மிஸ் இருக்கு?" என்பாள். உண்மையிலேயே அவளுக்குப் புரியாது, நடுவில் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று.

காலாண்டுப் பரீட்சை வந்தது. வகுப்பில் நிரூபித்துக் காட்டிய அதே தேற்றம். எனக்கு மனசுக்குள் மத்தளம் கொட்டியது. ஆனால் கேள்வித்தாளில் முக்கோணத்தின் பெயர் ஏபிசி இல்லை. பிக்யூஆர். அதுவும் தலைகீழாக நின்றது. நான் ஏபிசி என்று ஆரம்பித்தேன். அடித்தேன். ஏ இருக்கிற இடத்தில் பி என்று போட்டேன். அடுத்த வரியில் வருகிற பி எந்தப் பி என்று தெரியவில்லை. பழைய பியா, புதுப் பியா? கோயிலில் பக்கத்தில் இருப்பவர் வேறு மந்திரம் சொன்னால் நமக்கு நம்முடையது மறந்துபோகுமே, அப்படி எல்லாம் கலைந்துபோயிற்று. பேப்பர் வந்தபோது என் மார்க் ஒற்றை இலக்கத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போய் அழுதேன். அப்பா என் பேப்பரை வாங்கி மடித்து வைத்தார். அப்புறம், "கஷ்டமா இருந்தா விட்டிரு தாயி. ஹிஸ்டரி குரூப்புல சேந்துக்கோ. கணக்குதான் படிக்கணும்னு சட்டமா இருக்கு?" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால், "பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்று அவர் நினைப்பது எனக்குக் கேட்டது. கல்லூரியிலும், குரூப் மாற விரும்புகிறவர்கள் பூஜை லீவுக்கு முன்னால் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஏற்கெனவே சிலர் மாறிவிட்டார்கள். திங்கட்கிழமை லெக்சரரிடம் சொல்லிவிடுவது என்று நானும் முடிவு செய்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை வாசுவிடம் சொன்னேன்.

"போயிருவியா?" என்றாள்.

"ஆமா. எனக்குக் கணக்கு வராதுட்டி."

"எனக்கும்தான் வரல. பாரு, ஒன்னவிட ரெண்டு மார்க்குதான் கூட." அவள் அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "நீ போனா எனக்கு இங்கிலீசு யாரு சொல்லுவா? மிஸ் சொல்லுத பாதி எனக்கு ஒன்னாலதான் தெரியுது."

"அதுக்காக நான் பெயிலாகணுமா?"

"இல்லட்டி. நீ இங்கிலீச எனக்குச் சொல்லு. நான் கேள்விய ஒனக்குக் கேக்கேன். நீதான் வாயத் தொறந்து கேக்கவே மாட்டேங்கியே."

பாவூர் தன் டப்பாவிலிருந்து புடலங்காய்க் கூட்டை எங்கள் இருவருக்கும் வைத்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒருநாள் இதைத்தான் கொண்டுவருவாள். மண்டியில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அவர்கள் வீட்டுக் கறி. அவள் சொன்னாள்: "அந்த உயரமும் தூரமும் பாடம் எனக்கு விளங்கவே இல்ல. கோபுரத்துப் பக்கத்துல போக முடியாதாம், ஆனா உயரம் கண்டுபிடிக்கணுமாம். பக்கத்துல போகாம எப்படிக் கண்டுபிடிக்க? எடை போடாம எடை சொன்னா எங்க மண்டியில அடிப்பாவ."

அவளுக்கு ஒரு கணக்கு விளங்கவில்லை என்று அவள் வாயாலேயே சொன்னது அதுதான் முதல் தடவை. வாசு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மலை முழுக்க மேகம். மேகம் விலகின இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"அருவிக்கிட்டயும்தான் முழுசாப் பக்கத்துல போக முடியாது," என்றாள். "நாளைக்குப் போயி அளந்து பாப்போமா?"

நான் சிரித்தேன். பிறகு சிரிக்காமல், போவோம் என்றேன். எப்படியும் திங்கட்கிழமை மாறப்போகிறேன். சனிக்கிழமை சும்மா இருப்பதற்கு இது பரவாயில்லை.

கோணம் பார்க்க ஒரு கருவி வேண்டும். பாவூர் காலண்டர் அட்டையில் பாகைமானியை வைத்துப் பாதி வட்டம் வரைந்து, டிகிரி எல்லாம் குறித்துக்கொண்டு வந்தாள். நான் அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து நூல் கொண்டுவந்தேன். நூலின் நுனியில் குண்டுபோல் கட்டித் தொங்கவிட ஒரு சாவி. கண்ணால் நேராகப் பார்க்க ஒரு குழல் வேண்டுமே என்றபோது, வாசு ஹாஸ்டல் பின்புறத்துப் பப்பாளி மரத்திலிருந்து ஓர் இலைத்தண்டை ஒடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஓட்டை. அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. தூரம் அளக்க ஹாஸ்டலில் துணி காயப்போடுகிற கயிறு. அடிக்கோலை வைத்து அதில் முடிச்சுப் போட்டோம். கோயிலுக்குப் போகிறேன் என்று வார்டனிடம் சொல்லி அனுமதி வாங்கிய வாசு, சொன்ன சொல் பொய்யாகக் கூடாது என்று முதலில் உள்ளே போய்க் குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்தாள். நானும் கூடப் போனேன். பாவூர் வெளியே எங்கள் செருப்புகளுக்குக் காவல் நின்றாள்.

சீசன் வடிந்திருந்தது. ஆனாலும் பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கடைகள் பாதிக்கு மேல் சாத்தியிருந்தன. எண்ணெய் மாலிஷ் செய்கிறவர் ஒருவர் ஆள் கிடைக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூவரும் சேலை கட்டியிருந்தோம். கல்லூரியில் அதுதான் வழக்கம். கையில் அட்டை, கயிறு, கணக்குப் போட லாக் டேபிள் புத்தகம்.

புத்தகத்தைத் திறந்தேன். கோபுரம், இரண்டு இடத்திலிருந்து இரண்டு கோணம். அந்தப் படம் எனக்குக் கண்ணை மூடினாலும் வரும். வரைய ஆரம்பித்ததும் கை நின்றுவிட்டது. புத்தகத்தில் கோபுரம் வலது பக்கம் நிற்கும். நாங்கள் நின்ற இடத்தில் அருவி இடது பக்கம் இருந்தது.

"நாம அந்தப் பக்கம் போயி நிப்போம்," என்றேன்.

"எதுக்கு?"

"படத்துல வலப்பக்கம்லா இருக்கு."

வாசு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அருவி படத்தப் பாத்தா விழுது? இங்கன எப்படி இருக்கோ அப்படி வரட்டி."

வரைந்தேன். கோணலாக வந்தது. ஆனால் வாழ்க்கையில் நானாகப் போட்ட முதல் படம் அதுதான். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அதில் என்ன எழுத்துப் போடுவது என்றுகூட நான்தான் முடிவு செய்ய வேண்டும். அருவி உச்சிக்கு "அ" என்று போட்டேன். ஏன் என்று தெரியாது, மகிழ்ச்சியாக இருந்தது.

அதற்குப் பிறகு சண்டைகள்தான். தரை சரிவாக இருக்கிறதே, புத்தகத்தில் தரை சமமாக அல்லவா இருக்கிறது என்று வாசு ஆரம்பித்தாள். சமமான இடம் தேடிக் கடைகளுக்கு முன்னால் போனோம். அருவியின் அடி எது என்பது அடுத்த சண்டை. மேலேயிருந்து வருகிற தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, நிரம்பி, அப்புறம்தான் கீழே வருகிறது. மேலே இருப்பதையும் சேர்ப்பதா? கீழே விழுவதை மட்டுமா? "எது கண்ணுக்குத் தெரியுதோ அதுதான் கணக்கு" என்று பாவூர் தீர்ப்புச் சொன்னாள். மாலிஷ்காரர் எழுந்து வந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கேட்காமலே. அவருக்குப் பொழுது போகவில்லை.

கூட்டம் சேர ஆரம்பித்தது. குளிக்க வந்தவர்கள் ஈரத்துண்டோடு நின்று பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் போலீஸ்காரர் வந்தார்.

"என்னம்மா செய்யுதிய இங்கன?"

நான் லாக் டேபிளை முந்தானைக்குள் மறைத்தேன். வாசு, "அருவிய அளக்கோம் சார்" என்றாள்.

"அளக்கியளா? எந்த டிபார்ட்மெண்டு?"

பப்பாளித் தண்டை ஒரு கண்ணில் வைத்திருந்த பாவூர், அதை எடுக்காமலே பதில் சொன்னாள். "கணக்கு டிபார்ட்மெண்டு சார்."

கல்லூரியில் அதைத்தான் அப்படிச் சொல்வோம். தமிழ் டிபார்ட்மெண்ட், சரித்திர டிபார்ட்மெண்ட், கணக்கு டிபார்ட்மெண்ட். போலீஸ்காரர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்தார். குரல் இறங்கிவிட்டது.

"மொதல்லயே சொல்லப்படாதாம்மா?" என்றார். உடனே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஏய், தள்ளு, தள்ளு. ஆபீசருவ வேல பாக்காவல்லா? லே, அந்தக் கயித்த மிதிக்காத!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. பார்த்திருந்தால் முடிந்திருக்கும். அவர் போட்டுக்கொடுத்த பாதையில் கயிற்றைப் பிடித்தோம், கோணம் பார்த்தோம், பின்னால் நகர்ந்து மறுபடி பார்த்தோம். மாலிஷ்காரர் கூட்டத்திடம் எங்களைப் பற்றி மெதுவாக விளக்கிக்கொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து வந்திருப்பதாக. அது அவராகச் சேர்த்தது.

மூடிக்கிடந்த ஒரு கடைப் பலகையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகக் கணக்குப் போட்டோம். முதலில் எனக்கு வந்த விடையின்படி பேரருவி எங்கள் வீட்டுத் தென்னையைவிடக் குட்டை. லாக் டேபிளில் பக்கம் மாறிப் பார்த்திருக்கிறேன். திருத்தினேன். அப்புறமும் மூன்று பேருக்கும் மூன்று விடை. பழக்க தோஷத்தில் நான் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். விடை பார்க்க. பிறகுதான் உறைத்தது. குற்றால அருவிக்கு எந்தப் புத்தகத்தில் விடை இருக்கும்?

இதுவரை நான் போட்ட ஒவ்வொரு கணக்குக்கும் பின்பக்கத்தில் ஒரு விடை காத்திருந்தது. அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் போட்டேன். இப்போது அது இல்லை. என் விடை சரியா என்று தெரிய ஒரே வழி, நான் எப்படி வந்தேன் என்று ஒவ்வொரு வரியாகத் திரும்பிப் போவதுதான். போனோம். வாசு ஒவ்வொரு வரியிலும், "இது எப்படி வந்துது?" என்று கேட்டாள். நான் சொன்னேன். சில இடத்தில் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில்தான் தப்பு இருந்தது. நான் தரையிலிருந்து கோணம் பார்த்ததாகக் கணக்குப் போட்டிருந்தேன். உண்மையில் கண் இருந்த உயரத்திலிருந்து பார்த்திருந்தோம். பாவூரிடம் நடுவரிகளே இல்லை. "எங்க பிசகிச்சுன்னே தெரியலியே" என்று அவள் முழித்தாள். தன் விடை தப்பாக இருக்கும்போது திரும்பிப் போக வழி இல்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியாக அட்டையைப் பார்த்தோம். சாரலில் ஊறி அது அப்பளம்போல் வளைந்திருந்தது. மூவரும் அடக்கிவைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெளியே வந்தது. பாவூருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் அம்மாவிடம் சொன்னார்: "விசயம் கேட்டியா? அருவிய அளக்க மெட்ராஸ்ல இருந்து ஆள் வந்திருக்காவளாம். கணக்கு டிபார்ட்மெண்டு. மூணு பேரும் பொம்பள ஆபீசருவளாம். பஜார் பூரா இதுதான் பேச்சு. அருவித் தண்ணிய மலைக்கு அந்தப் பக்கம் திருப்பப்போறாவன்னு ஒருத்தர் சொல்லுதாரு. குளிக்க டிக்கெட் போடப்போறாவன்னு இன்னொருத்தர் சொல்லுதாரு."

எனக்குச் சோறு புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள். "யாரோ நெனைக்காவ" என்றாள்.

"அப்பா," என்றேன். "அது நான்தான்."

நடந்ததைச் சொன்னேன். பப்பாளித் தண்டிலிருந்து போலீஸ்காரர் வரைக்கும். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. சாதத்தில் கை வைத்தபடி என்னையே பார்த்தார்.

"எவ்வளவு உயரம் வந்துது?"

"மூணு பேருக்கும் மூணு விட வந்துதுப்பா."

"எது சரி?"

"தெரியல. ஆனா ஏன் மூணும் வேற வேறயா வந்துதுன்னு தெரியும்." சொல்ல ஆரம்பித்தேன். கண் உயரம், வளைந்த அட்டை, எல்லாம். தட்டில் விரலால் அருவியை வரைந்து காட்டினேன். அவர் முழுக்கக் கேட்டார். என்ன புரிந்தது என்று தெரியாது. எழுந்து கை கழுவும்போது அம்மாவிடம், "இவ அழுதுக்கிட்டுச் சொன்ன கணக்கா இது?" என்றார்.

கடையில் கேட்டவர்களிடம் அவர் உண்மையைச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "அது கவர்மெண்டு விசயம் அண்ணாச்சி, நமக்கு எதுக்கு?" என்று செம்பை எடுத்துக் காட்டிவிடுவாராம்.

திங்கட்கிழமை லெக்சரர் வகுப்புக்குள் வந்ததும் கேட்டார்: "மெட்ராஸ் ஆபீசர்ஸ் யாரெல்லாம்?" செய்தி அவர் வரைக்கும் போயிருந்தது. வாசு உடனே எழுந்தாள். பாவூரும் நானும் மெதுவாக. "ஒருத்தர் வந்து போர்டில் போட்டுக் காட்டுங்க" என்றார். வாசு என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள்.

சாக்பீஸை எடுத்தேன். அருவியை இடது பக்கம் வரைந்தேன். இரண்டு கோணங்கள், இரண்டு முக்கோணங்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "இங்கே ஏன் டேன் போடாமல் காட் போட்டாய்?" என்று கேட்டார். நின்றுவிட்டேன். டேனைத் தலைகீழாக்கினால் காட், அதைப் போட்டால் சீக்கிரம் முடிகிறது என்று தெரியும். ஏன் என்று தெரியவில்லை. பழைய நானாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். ஆனால் சனிக்கிழமை முழுக்க "இது எப்படி வந்துது, இது எப்படி வந்துது" என்று கேட்ட குரல் காதிலேயே இருந்தது.

"தெரியல மிஸ்," என்றேன். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுதேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெரியாத தூரம் எது, தெரிந்த தூரம் எது என்று பார்த்தேன். நாங்கள் அளந்தது இரண்டு தூரங்களுக்கும் உள்ள வித்தியாசம். உயரத்தை அந்தக் காட் மதிப்பால் பெருக்கினால்தான் தூரம் நேரே வரும், கழித்துவிடலாம். வந்துவிட்டது. சொன்னேன். லெக்சரர், "எஸ்" என்றார். அவ்வளவுதான். பாராட்டெல்லாம் இல்லை. வகுப்பு முடிந்ததும், "குரூப் மாறுவதாகக் கேள்விப்பட்டேனே?" என்றார். "இல்ல மிஸ்" என்றேன்.

அன்றோடு எல்லாம் சுகமாகிவிடவில்லை. முற்றத்தில் நடந்து ஒப்பிப்பது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். காலே தானாகப் போய்விடும். பாதி தூரம் நடந்த பிறகு நினைவு வந்து, உட்கார்ந்து, புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் போட்டுப் பார்ப்பேன். கல்லூரியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் மூவரும் உட்காருவோம். விளங்கிவிட்டது என்று ஒருத்தி சொன்னால் மற்ற இருவருக்கும் புத்தகம் பார்க்காமல் சொல்லிக் காட்ட வேண்டும். இது வாசு வைத்த சட்டம். இங்கிலீஷ் வாக்கியங்களை நான் உடைத்துச் சொல்வேன். அரையாண்டில் நான் தட்டுத்தடுமாறித் தேறினேன். பாவூருக்கு நடுவரி இல்லாத குற்றத்துக்கு மறுபடி மார்க் போயிற்று. வாசு அவளிடம், "ஒரு வரி ஒனக்கு, ஒரு வரி பேப்பர் திருத்துதவுகளுக்குன்னு நெனச்சு எழுதுட்டி. அவுக ஒங்க மண்டிக்கு வந்ததில்லல்லா?" என்றாள். அதற்குப் பிறகுதான் பாவூர் எழுத ஆரம்பித்தாள், ஏதோ அந்நியர்களுக்கு உபசாரம் செய்கிற பாவனையில்.

பங்குனி வெயிலில் பல்கலைக்கழகப் பரீட்சை. நாங்கள் போட்டே பார்த்திராத ஒரு கணக்கு வந்தது. கலங்கரை விளக்கமும் கடலில் இரண்டு கப்பல்களும். நான் கடலைப் பார்த்ததே இல்லை. முன்பானால் கேள்வியைப் படித்ததும், இது புத்தகத்தில் இல்லையே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது படம் போட்டேன். எழுத்து நானே வைத்தேன். மணி அடிப்பதற்கு முன்னால் விடை வந்தது, ஒவ்வொரு வரியாகத் திரும்பிப் போய்ப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

முடிவுகள் செய்தித்தாளில் வெறும் எண்களாக வந்த நாளில், பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டு பிரிப்பதற்கு முன்பே அப்பா போய் நின்றுவிட்டார். பாவூருக்கும் எனக்கும் எண் இருந்தது. மார்க் வந்தபோது கணக்கில் பாவூர்தான் எங்கள் வகுப்பிலேயே முதல். எனக்கு அவளைவிடக் குறைவு. ஆனால் அதில் ஒரு மார்க்குகூட ஒப்பித்து வந்ததில்லை. அப்பா என்னைப் பாளையங்கோட்டைக்கு பி.எஸ்.சி. கணிதம் படிக்க அனுப்பினார். ஹாஸ்டலுக்கா என்று அம்மா இழுத்தபோது, "ஆபீசரம்மா எங்கயும் போயி இருந்துக்கிடுவா" என்றார்.

வாசுவின் எண் பேப்பரில் இல்லை. நான் துடித்துப்போனேன். கணக்கில் அவள் நன்றாகவே வாங்கியிருந்தாள். போனது இங்கிலீஷில். நான் சொல்லிக்கொடுத்த அதே இங்கிலீஷ். அந்த வாரமே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள், ஒரு கூடை மாம்பழத்தோடு. நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"எதுக்கு மூஞ்சத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்க? நீ கணக்குக்குத் தேவையான இங்கிலீசத்தான சொல்லிக்கொடுத்த? அதுல பாஸாயிட்டேன்லா. மத்தத செப்டம்பர்ல எழுதிக்கிடுதேன்."

எழுதினாள், தேறினாள். அடுத்த வருஷம் பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரிக்கே கணிதம் படிக்க வந்து சேர்ந்தாள். நான் அவளுக்கு ஒரு வருஷம் சீனியர். அந்த மரியாதையை அவள் ஒருநாளும் எனக்குத் தரவில்லை.